மல்லிகா அக்கா லைன்ல நான் போட்ட டைமர்

மெஷினுக்கு எப்ப ஓடணும், எப்ப நிக்கணும், எத்தன செகண்ட் பொறுக்கணும்னு சொல்லிக் குடுக்கறதுதான் என் தொழில். எனக்கு அத யாரும் சொல்லிக் குடுக்கல.

நான் செகண்டரி டூவோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மேத்ஸ் டீச்சருக்கு ரொம்ப சந்தோஷம். அப்புறம் ஃபேக்டரி ஃபேக்டரியா போய் பேனல்ல வயர் இழுத்து, ஸ்குரூ முடுக்கி, அப்படியே கன்ட்ரோலருக்கு ப்ரோகிராம் போடவும் கத்துக்கிட்டேன். பயப்படாதீங்க, பெரிய படிப்பு இல்ல. ஸ்க்ரீன்ல ஏணி மாதிரி தெரியும். ஒவ்வொரு படிக்கும் ரங்னு பேரு. படியோட எடது பக்கம் ‘இது நடந்தா’, வலது பக்கம் ‘அத செய்’. என்னைய மாதிரி ஆளுக்குன்னே கண்டுபுடிச்சது.

இதப் படிக்கிற நம்ம ஆளுங்க, லிஃப்ட் பாக்கறவங்க, ஏர்கான் பாக்கறவங்க, கஸ்டமர் போன் அடிச்சா வீட்டு பாத்ரூம்ல நின்னுக்கிட்டே ‘ஆன் தி வே லா’ன்னு சொல்றவங்க, உங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கும். நாம தப்பு பண்ணா மெஷின் எப்பவும் நின்னுடும்னு இல்ல. சில நேரம் ஜம்முன்னு ஓடும். அந்தத் தப்பு போய் வேற யார் தலையிலயாவது விழும். என் தப்பு மல்லிகா அக்கா தலையில விழுந்துச்சு. நான் எழுதின ஒரே ஒரு ரங், அவங்க வேலை போச்சு. அதத்தான் சொல்லப் போறேன். நடுவுல சிரிப்பு வந்தா சிரிச்சுக்கங்க, எனக்கும் வரும்.

மூணு டைமரும் என் சின்னம்மாவும்

எங்க ஆபீஸ்ல ஷர்மிளான்னு ஒரு பொண்ணு. பாலிடெக்னிக் முடிச்சது. நான் எழுதற ப்ரோகிராம எல்லாம் அதுதான் வாங்கி வச்சுக்கும், தப்பு இருந்தா கேக்கும். ஒரு நாள், “அண்ணே, உங்களுக்கு டைமர் எல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?”ன்னு கேட்டுச்சு. நானாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லி வெளக்குனேன்.

மொத டைமர் லிஃப்ட் கதவு மாதிரி. மூடலாம்னு எண்ணிக்கிட்டே இருக்கும், நடுவுல ஒருத்தர் கைய விட்டா மறுபடியும் ஒண்ணுலேருந்து எண்ணும். ரெண்டாவது, ஷாப்பிங் சென்டர் டாய்லெட் ஃபேன். நீங்க வெளிய போனப்புறமும் கொஞ்ச நேரம் ஓடும், உள்ள நடந்தது அதுக்குத் தெரியும். மூணாவதுதான் டேஞ்சர். அது என் சின்னம்மா மாதிரி. கோவத்த சேத்து சேத்து வைக்கும். நடுவுல சிரிச்சாங்கன்னா மறந்துட்டாங்கன்னு நெனைக்காதீங்க. அங்கயே நிறுத்தி வச்சிருக்காங்க, அடுத்த கோவம் வந்தா விட்ட எடத்துலேருந்து ஏறும். யாராவது வேணும்னே ரீசெட் பண்ணாத்தான் சைபருக்கு வரும். ஷர்மிளா கையெடுத்துக் கும்பிட்டுச்சு. “கஸ்டமர் கிட்ட இப்படி சொல்லாதீங்கண்ணே. உங்க சின்னம்மாவுக்கும் சேத்து கொட்டேஷன் கேப்பாங்க.”

முக்கா செகண்ட்

எங்க கஸ்டமர் ஜமால் பாயோட கட தேக்காவுல. அவரோட மசாலாத்தூள் பாக்கெட் போடற ஃபேக்டரி உட்லண்ட்ஸ் பக்கம். ரெண்டு லைன். மொத லைன்ல சுந்தர்னு ஊர்லேருந்து வேல பெர்மிட்ல வந்தவன். ரெண்டாவது லைன்ல மல்லிகா அக்கா. பத்தொம்பது வருஷமா அதே எடம். ரிட்டயர் வயசும் தாண்டியாச்சு, அதனால வருஷா வருஷம் காண்ட்ராக்ட் புதுப்பிப்பாங்க. பாக்கெட்ட விரிச்சு குழா கீழ பிடிப்பாங்க, பெடல மிதிப்பாங்க, தூள் விழும், அடுத்து சூட்டு தாடை வந்து வாய ஒட்டும். அந்தத் தாடை எவ்வளவு நேரம் கடிக்கணும்ங்கறது என் டைமர். ஒண்ணே கால் செகண்ட் வச்சிருந்தேன்.

பாய் வேகம் வேணும்னாரு. நான் முக்கா செகண்டுக்கு எறக்குனேன். அக்கா, “தம்பி, ஒட்டாது”ன்னாங்க. நான், “அக்கா, இது கம்ப்யூட்டர், உங்க வீட்டு சப்பாத்தி இல்ல”ன்னேன். அடுத்த நாள் பாசிர் ரிஸ் கடைக்குப் போன லாரியில எட்டு பெட்டி மொளகாத்தூள் வாயத் தொறந்துருச்சு. டிரைவர் கதவத் தொறந்தவரு தும்முன தும்மல்ல பக்கத்து அடுக்குமாடி பிளாக்ல ஜன்னல மூடினாங்களாம். பாய் நேரா லைனுக்கு வந்து யாருன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அக்கா, “நான்தான் பாய், பாக்கெட்ட கோணலா வச்சுட்டேன்”னுட்டாங்க. அவரு போனதும் என்கிட்ட திரும்புனாங்க. “உனக்கு இங்க இன்னொரு வேல குடுக்கணும்ல, அதான். போ, பழைய நம்பருக்கு மாத்து.”

மெஷின கேக்கறேன்

இன்னொரு வேல கெடச்சுது. அதுதான் வெனையே. ரெண்டு லைன்ல யாரு நல்லா வேல செய்றாங்கன்னு பாய்க்குத் தெரிஞ்சாகணும். பாக்கெட்ட எண்ணிப் பாக்க முடியாது. சுந்தர் லைன்ல ஒரு கிலோ பாக்கெட், அக்கா லைன்ல குட்டிக் குட்டி நூறு கிராம். அதனால லைன் சும்மா நின்ன நேரத்த காட்டச் சொன்னாரு. நான், “பாய், ஆளுங்கள கேட்டா அவங்களே சொல்வாங்களே”ன்னேன், சும்மா ஒரு பேச்சுக்கு. மனுஷன் தாடிய தடவிக்கிட்டாரு. “மனுஷனுக்கு என்னைய பாத்தா பயம், தம்பி. மெஷினுக்கு பயம் கெடையாது, பொய்யும் வராது. அதான் மெஷின கேக்கறேன்.”

பத்து நிமிஷ டெஸ்ட்

சுலபமான வேல. பெல்ட்டுக்கு மேல ஒரு சென்சார் கண்ணு. பாக்கெட் பத்து செகண்ட் வரலன்னா லைன் சும்மா நிக்குதுன்னு அர்த்தம். அந்த நேரத்த எல்லாம் சின்னம்மா டைமர் சேத்துக்கிட்டே போகும். காலையில ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப ஒரு பட்டன் அமுக்கினா சைபர். சூட்டு தாடை சூடாகிறவரைக்கும் எண்ணக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு கண்டிஷன் போட்டேன், ஏன்னா அந்த நேரத்துல ஆளு ஒண்ணும் பண்ண முடியாதுல்ல. எவ்வளவு நியாயமா யோசிச்சிருக்கேன் பாருங்க. ரெண்டு லைன்லயும் அதே ப்ரோகிராம ஏத்தினேன். காலையில பத்து மணிக்கு பத்து நிமிஷம் ஓட்டிப் பாத்தேன். அக்கா வேணும்னே கைய கட்டிக்கிட்டு நின்னு காட்டுனாங்க, நம்பர் ஏறுச்சு. வேல செஞ்சாங்க, நின்னுச்சு. கைதட்டல் ஒண்ணுதான் கொறச்சல்.

ஆபீஸ்ல ஷர்மிளா ப்ரோகிராம பொரட்டிப் பாத்துட்டு, “அண்ணே, லஞ்ச் டைம்ல பேனல் ஆன்லயே இருந்தா என்ன ஆகும்?”ன்னு கேட்டுச்சு. நல்ல கேள்வி. அறிவுள்ளவன் லேப்டாப்ப திரும்பத் தொறந்திருப்பான். என் வாயில வேற ஒண்ணு ரெடியா இருந்துச்சு: “லஞ்ச் டைம்ல நான் சாப்புடுவேன்.” ஆபீஸ்ல ரெண்டு பேர் சிரிச்சாங்க. எனக்கு அது போதும், நான் எப்பவும் அப்படித்தான். ஷர்மிளா சிரிக்கல. “சரிண்ணே, போய் சாப்புடுங்க.”

தஞ்சோங் பகார் பம்ப் ரூம்

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு புதன்கெழம. தஞ்சோங் பகார்ல ஒரு ஆபீஸ் கட்டடம், கீழ பம்ப் ரூம்ல முட்டி போட்டு உக்காந்திருக்கேன். அக்கா போன். “தம்பி, அந்த மெஷின் தெனமும் நான் ஒன்றர மணி நேரம் சும்மா நின்னேன்னு காட்டுது. சுந்தருக்கு அர மணி நேரம்தான். நான் எங்க சும்மா நிக்கறேன்? திங்கக்கெழம பாய் காண்ட்ராக்ட் பேசக் கூப்புட்டுருக்காரு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் வந்து பாக்கறியா?”

நான் கேட்டேன், “லஞ்ச் நேரத்த எண்ணுதோ?” “சுந்தரும்தானே சாப்புடறான், அவனுக்கு எண்ணலயே”ன்னாங்க. அதோட நானும் அந்த யோசனைய விட்டுட்டேன். விட்டது மட்டுமா, “அக்கா, வாட்ஸாப் பாக்கறத கொறைங்க, நம்பர் தானா எறங்கும்”னேன். அவங்க வச்சிருக்கறது பட்டன் போன். ஆனாலும் எனக்காக ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. வெள்ளிக்கெழம வர்றேன்னு சொன்னேன். வெள்ளிக்கெழம இந்த பம்ப் மறுபடி மக்கர் பண்ணுச்சு, நான் போகல. ஒரு போன் கூட அடிக்கல. அன்னைக்கு போன வைக்கறதுக்கு முன்னாடி அக்கா சொன்னது இதான்: “நான் சொன்னா மெஷின விட்டுட்டு என்னைய நம்ப மாட்டாங்க தம்பி. நீ சொன்னா நம்புவாங்க.”

சுந்தர் கை

அடுத்த புதன்கெழம போனேன். ரெண்டாவது லைன்ல அக்கா இல்ல. திங்கக்கெழமயே காண்ட்ராக்ட் இல்லன்னு சொல்லிட்டாங்களாம், ரெண்டு நாள் லைன மூடி வச்சிருந்துட்டு அன்னைக்குக் காலையிலதான் ஒரு பர்மா பொண்ண நிக்க வச்சிருக்காங்க. நான் லேப்டாப்ப மாட்டிக்கிட்டு உக்காந்தேன். பன்னெண்டரைக்கு மணி அடிச்சுது. சுந்தர் எழுந்தான், மெயின் ஸ்விட்ச்ச டப்புன்னு ஆஃப் பண்ணான், சாப்பாட்டு டப்பாவ எடுத்துக்கிட்டுப் போனான். ஊர்ல கரண்ட் பில்லுக்குப் பயந்து வளந்த கை. பேனலே செத்துருச்சு, டைமர் எப்படி எண்ணும்? ரெண்டாவது லைன்ல அந்தப் பொண்ணு ஆஃப் பண்ணாம போச்சு. ஏன்னு சுந்தர கேட்டேன். “ஆஃப் பண்ணா தாடை ஆறிடும், திரும்ப சூடாக இருவது நிமிஷம் ஆகும், பாக்கெட் வேஸ்ட்டுன்னு மல்லிகா அக்கா எப்பவும் ஆன்லதாண்ணே வைப்பாங்க. அப்படியே எழுதி ஒட்டி வச்சுட்டுப் போயிருக்காங்க”ன்னான்.

சுவத்துல பாத்தேன். அவங்க கையெழுத்து. கீழ ஸ்க்ரீன்ல நம்பர் ஏறிக்கிட்டு இருக்கு. லஞ்ச் ஒரு மணி நேரம், டீ ரெண்டு வாட்டி கால் கால் மணி. கூட்டிப் பாருங்க, அக்காவோட ஒன்றர மணி நேரம் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியும். தெனமும் இருவது நிமிஷம் தாடை சூடாகக் காத்துக்கிட்டு இருந்தவன் சுறுசுறுப்பு. வேல கெடக்கூடாதுன்னு சூட்ட காப்பாத்தினவங்க சோம்பேறி. எல்லாம் என் நியாயம்.

பேனல்ல சும்மா கெடந்த ஒரு ஸ்விட்ச்ச எடுத்து, பிரேக் நேரத்துல திருப்பி வச்சா டைமர் எண்ணாதுன்னு அந்த ரங்கோட எடது பக்கம் ஒரே ஒரு காண்டாக்ட், அதாவது இன்னொரு கண்டிஷன், சேத்தேன். ஏழு நிமிஷ வேல. ரீசெட் பண்ணேன். அந்தப் பொண்ணுக்கு ஸ்விட்ச்ச காட்டிக் குடுத்தேன். சாயந்தரம் பாய் வந்தாரு, என்ன பண்ணன்னு கேட்டாரு. இப்ப சொல்லணும். தொண்ட வரைக்கும் வந்துச்சு. வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா? “சின்ன அப்டேட் பாய்.” அவரு ஸ்க்ரீன பாத்தாரு, திருப்தியா தலையாட்டுனாரு. “பாத்தியா தம்பி, ஆள மாத்தின மொத நாளே நம்பர் எறங்கிடுச்சு.”

ஷர்மிளா கண்டுபுடிச்சது

மூணு வாரம் வாயத் தொறக்கல. நல்லாத்தான் சாப்புட்டேன், தூங்குனேன், ஜோக் அடிச்சேன். மனசாட்சி உறுத்தி தூக்கம் போச்சுன்னு எழுதுனா பொய். ஒரு மத்தியானம் ஷர்மிளா பழைய ப்ரோகிராமையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, “இது என்னண்ணே புதுசா, பிரேக்னு ஒரு காண்டாக்ட்?”ன்னுச்சு. சொல்லிட்டேன். எல்லாத்தையும். நடுவுல ஒரு ஜோக் சொல்லப் பாத்தேன், அது கைய தூக்கி நிறுத்திருச்சு. அது திட்டியிருந்தா நான் தாங்கியிருப்பேன், திட்டு வாங்கி எனக்குப் பழக்கம். அது பைய எடுத்து தோள்ல மாட்டிக்கிட்டு நின்னுச்சு. “இப்ப நீங்க பாய் கடைக்குப் போறீங்களா, இல்ல நான் போகட்டா?”

தேக்கா கடையில

போனேன். பாய் கல்லால இருந்தாரு. சனிக்கெழம, கடையில கூட்டம், ஒரு அம்மா சோம்பு நல்லா இருக்கான்னு மென்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் பாய ஓரமா கூப்புட்டு, லேப்டாப்ப ஜீரகப் பெட்டி மேல வச்சு, ரங்க காட்டி, லஞ்ச், டீ, சுந்தரோட ஸ்விட்ச் எல்லாம் சொன்னேன். மொளகாத்தூள் பாக்கெட் ஒடஞ்சது யாரால என்கறதையும் சொன்னேன், சொல்றதுன்னு வந்தாச்சு. அவரு கத்துவாருன்னு நெனச்சேன். போன எடுத்து அக்கா நம்பரத் தேடுனாரு, அடிக்கல, அப்படியே கையில வச்சுக்கிட்டு நின்னாரு.

“என் முன்னாடிதான் உக்காந்திருந்தாங்க தம்பி. ‘லைன்ல நான் நிக்கறதே இல்ல பாய்’னு ரெண்டு தடவ சொன்னாங்க. நான் பேப்பர காட்டுனேன்.” அப்புறம் என்னைய பாத்தாரு. “அந்த புதன்கெழம நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா, சாயந்தரமே அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பேன்ல.”

செங்காங் பிளாக்குக்குக் கீழ

பாய் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டு, திரும்பி வரச் சொல்லியிருக்காரு. அக்கா வரலன்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான் நான் போனேன், செங்காங்குக்கு. அவங்க மக வீடு அங்க. வேலைக்குப் போகலன்னா மக வீட்டுல உக்காந்து மருமகனோட டிவி ரிமோட்டுக்கு வாட்ச்மேன் வேல பாக்கணும், அதுக்கு மசாலாத்தூளே மேல்னு முந்தி சொல்வாங்க. இப்ப பிளாக்குக்குக் கீழ கல்லு மேஜையில உக்காந்து, பேத்தி சைக்கிள் ஓட்டறத பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன். ஜோக் ஒண்ணும் வரல. வந்திருந்தா என்னைய நானே அறைஞ்சிருப்பேன்.

“பரவால்ல தம்பி, நீயா வந்து சொன்னியே”ன்னாங்க. ஏங்கா திரும்பிப் போகலன்னு கேட்டேன். “போய் மறுபடியும் அந்த நம்பர பாத்துக்கிட்டே நிக்கணும். வேணாம்”னாங்க. பேத்திய ‘ரோட்டுப் பக்கம் போவாத’ன்னு ஒரு அதட்டு. அப்புறம் என்னைய பாக்காம, சைக்கிளையே பாத்துக்கிட்டு சொன்னாங்க. “உனக்கு போன் பண்ணப்புறம் நீ வரலயா, நானே ஏதாவது பண்ணி பாப்போம்னு டீக்குப் போறத நிறுத்திட்டேன். நின்னுக்கிட்டே பாக்கெட் போட்டேன். நம்பர் அர மணி நேரம் கொறஞ்சிருச்சு. அப்ப இத்தன வருஷமா நெசமாவே நான் சோம்பேறியாத்தான் இருந்திருக்கேன்னு நெனச்சுட்டேன் தம்பி.”

பதினெட்டு வருஷமா நான் எழுதின ப்ரோகிராம்லயே ஒரு கம்ப்ளெயிண்டும் இல்லாம ஓடறது ஒண்ணே ஒண்ணுதான், அது மல்லிகா அக்கா இப்ப இல்லாத அந்த ரெண்டாவது லைன்ல ஓடறது.